விடியலுக்கு முன் ஓடுவது எப்படி: இருட்டுச் சாலைக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஓட்டப் பயிற்சி செய்பவர்களில் பெரும்பாலோர் இருட்டை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். வெயிலுக்கு அஞ்சி இருட்டுக்குள் போனவர்கள். மே மாதத்தில் காலை ஏழு மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடுகிற ஊரில், இரண்டு மணி நேரம் ஓட நினைப்பவர் நாலரை மணிக்காவது வாசற்கதவைத் தாண்டியாக வேண்டும். சென்னை மாரத்தானின் முழு ஓட்டம்கூட, ஜனவரியின் குளிர்ந்த காலையிலேயே, விடிவதற்கு வெகு முன்பாக நேப்பியர் பாலத்திலிருந்து புறப்பட்டுவிடுகிறது. ஆகவே இந்த ஊரில் நெடுந்தூரம் ஓடக் கற்றுக்கொள்வதும் இருட்டில் ஓடக் கற்றுக்கொள்வதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதலாவதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கும் அளவுக்கு இரண்டாவதற்கு இல்லை.

நான் பதினோரு ஆண்டுகளாகத் திருவான்மியூரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடியலுக்கு முன் ஓடிவருகிறேன். இதுவரை இரண்டு முறை விழுந்திருக்கிறேன். ஒரு முறை நாயிடம் கடி வாங்கியிருக்கிறேன். விழுந்த இரண்டு இடங்களுமே எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த தெருக்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் முறை, வீட்டிலிருந்து நானூறு மீட்டருக்குள், மழைநீர் வடிகாலின் மேல் புதிதாகப் பதித்திருந்த சிமென்ட் பலகை பழைய மட்டத்தைவிட நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது. வலது காலின் பெருவிரல் அதில் இடித்தது, உள்ளங்கை இரண்டும் ஜல்லியில் இழுபட்டன, நெற்றி விளக்கு கழன்று உருண்டுபோய்ச் சாக்கடைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் அதன் வெளிச்சத்தைப் பார்க்காமல் பழைய நினைவை நம்பி ஓடியிருந்தேன். கீழே எழுதியிருப்பவை அந்தக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள்

சென்னையில் சூரியன் மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் சுமார் 5.40 மணிக்கு உதிக்கிறது. ஜனவரி இறுதியிலோ சுமார் 6.35 ஆகிவிடுகிறது. கடிகாரத்தில் ஒரே 5.15தான் என்றாலும், கோடையில் அது வெளுக்கத் தொடங்கிய வானம், தை மாதத்தில் அதுவே நள்ளிரவுக்கு நிகரான கும்மிருட்டு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறுகிறது; அதனால் உருவங்கள் தெளிவாகத் தெரிகிற அரையொளி நேரம் சூரிய உதயத்துக்கு முன் இருபது நிமிடத்தை ஒட்டித்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இருட்டில் ஓடும் நிமிடம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடப் போகிற நாளின் உதய நேரத்தை நாட்காட்டியில் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் இருட்டில் விழும் என்று கணித்து, அந்தப் பகுதி மிக நல்ல சாலையில் அமையும்படி பாதையைத் திருப்பிக்கொள்வதே முதல் வேலை. குறுக்குத் தெருக்களையும் கடற்கரைப் பக்கத்தையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாதையைப் பகலில் நடந்து படியுங்கள்

புதிய பாதையில் முதல் ஓட்டத்தை ஒருபோதும் இருட்டில் ஓடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வழியை நடந்தே போங்கள்; ஓடினால் கவனம் மூச்சில் போய்விடும். பார்க்க வேண்டியவை இவை: வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடைகள், சாலை மட்டத்தைவிடத் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகள், மரத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்ட நடைபாதைக் கற்கள், நடைபாதை முடியும் இடத்தில் திடீரென்று வரும் அரை அடி இறக்கம், கம்பத்திலிருந்து கழுத்தளவுக்குத் தொங்கும் கேபிள் ஒயர்கள், வாகனங்கள் ஏறாமல் இருக்க முழங்கால் உயரத்துக்கு நட்டுவைத்த இரும்புக் கம்பிகள். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கொடியது. பகலில் யாரும் அதில் மோதுவதில்லை என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாம்பல் நிறம் அடித்த அந்தக் கம்பி, இருட்டில் சாலையின் நிறத்தோடு முழுமையாகக் கலந்துவிடும்.

ஒரு முறை படித்தால் போதாது. இந்த நகரத்தில் சாலை என்பது வாரத்துக்கு வாரம் திருத்தி எழுதப்படும் ஏடு. சுமார் 119 கிலோமீட்டருக்கு நடந்துவரும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, வடிகால் பணி, மின்கேபிள் பணி என்று ஏதாவது ஒன்றுக்காக நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும்; பள்ளத்தைச் சுற்றிக் கட்டிய நாடா இரவுக் காற்றில் அறுந்து தரையில் கிடக்கும். ஓடவிருக்கும் நாளுக்கு முந்தின மாலையில், கடைக்குப் போகும் சாக்கிலாவது வண்டியில் ஒரு சுற்றுப் போய்வந்துவிடுவது என் வழக்கம். மழை பெய்த மறுநாள் பார்க்காத பாதையில் ஓடுவதே இல்லை.

கண்ணுக்கு இருபது நிமிடம் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் வேலை செய்கின்றன. நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்புச் செல்கள் இருட்டுக்குப் பழகச் சுமார் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன, அதற்குமேல் அவற்றால் முன்னேற முடியாது. மங்கிய ஒளியில் உதவும் குச்சிச் செல்கள் முழுத் திறனை எட்ட இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. குளியலறையின் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் பல் துலக்கி, கைப்பேசியில் வானிலையையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துவிட்டு நேராகத் தெருவில் இறங்கி ஓடத் தொடங்குபவர், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை அரைக் குருடராகத்தான் ஓடுகிறார். எனக்குத் தெரிந்தவர்களில் இருட்டில் விழுந்த பலரும் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே விழுந்திருக்கிறார்கள். களைப்பைக் காரணம் சொல்ல முடியாத நேரம் அது.

ஆகவே எழுந்ததிலிருந்தே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூடத்து விளக்கைப் போடாமல் பூஜை அறையின் சிறிய விளக்கிலேயே காலணி கட்டிக்கொள்ளலாம். கைப்பேசியின் திரையை மிகக் குறைந்த ஒளிக்கு மாற்றிவிடுங்கள். குச்சிச் செல்கள் சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணர்வதே இல்லை என்பதால், சிவப்பு ஒளி தரும் நெற்றி விளக்கு இருந்தால் வீட்டுக்குள் அதுவே போதும். பிறகு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை நடையும் மெல்லோட்டமுமாகக் கழியுங்கள். இது உடம்புக்கும் நல்லது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இருட்டுக் கண்ணுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை. அதனால் மங்கலான ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும், சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் மீண்டும் தெரியும். முன்னால் சாலையில் ஏதோ கருப்பாகக் கிடக்கிறது, நாயா, டயர்த் துண்டா, பள்ளமா என்று சந்தேகம் வந்தால், அதற்கு ஓர் அடி இடப்புறமோ வலப்புறமோ பார்வையை வையுங்கள். நட்சத்திரம் பார்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் தந்திரம்தான்.

எதிரே ஒருவர் ஹைபீம் அடித்துக்கொண்டு வந்தால் சேர்த்துவைத்த இருட்டுப் பார்வை நொடியில் கரைந்துவிடும். அப்போது விளக்கைப் பார்க்காமல் சாலையின் ஓரக்கோட்டைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண்ணின் பழக்கமாவது மிஞ்சும். வண்டி கடந்த பிறகு நான்கைந்து அடி நடந்துவிட்டு ஓடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்மணி முன்போல் விரிவதில்லை, கண்கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரம் ஆகும். இருட்டில் தடுமாற்றம் திடீரென்று அதிகமானதுபோல் தோன்றினால், காலணியை மாற்றுவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள்.

விளக்கை எங்கே கட்டுவது

தெருவிளக்கு உள்ள சாலைக்கு 200 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) விளக்கு தாராளம். விளக்கே இல்லாத நீட்சிகளில் 300 வரை போகலாம். அதற்குமேல் வாங்குவது எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கத்தான் பயன்படும். எத்தனை லூமன் என்பதைவிட எங்கே கட்டுகிறோம் என்பதே முக்கியம். நெற்றியில் கட்டிய விளக்கு கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால், மேடு பள்ளங்களின் நிழல்கள் அவற்றின் பின்னாலேயே ஒளிந்துகொள்கின்றன. சாலை முழுவதும் வழித்துவிட்டதுபோல் சமமாகத் தெரியும். அதே விளக்கை இடுப்பில் கட்டினாலோ கையில் பிடித்தாலோ ஒளி தாழ்வாகச் சாய்ந்து விழுந்து, ஒரு சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் உண்டாகும். நான் விழுந்த அந்த வடிகால் பலகையை மறுநாள் அதே நேரத்தில் இரண்டு விதமாகவும் பார்த்தேன்: நெற்றி விளக்கில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது, கைவிளக்கில் அதன் விளிம்பு கரிக்கோட்டை இழுத்ததுபோல் கருத்து நின்றது. அன்றிலிருந்து இடுப்பு விளக்குக்கு மாறிவிட்டேன்.

நெற்றி விளக்கே வசதி என்பவர்கள் அதைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஐந்தாறு மீட்டருக்கு முன்னால் ஒளி விழும்படி வைத்துக்கொள்ளட்டும். யாரிடமாவது பேசும்போது விளக்கைக் கையால் மறைத்துக்கொள்வது மரியாதை. முதுகுப் பக்கத்துக்குச் சைக்கிளில் மாட்டும் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றைச் சட்டையில் மாட்டிவிடுங்கள். முந்தின இரவே மின்னேற்றம் செய்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பேன். ஆனால் பாதி வழியில் அணைந்த விளக்கோடு நானே திரும்பி வந்திருக்கிறேன்.

நீங்கள் தெரிகிறீர்களா?

இருட்டில் ஓடுபவர் செய்யும் மிகப் பெரிய பிழை, தனக்கு வண்டி தெரிகிறது என்பதால் வண்டிக்காரருக்கும் தான் தெரிவதாக நம்பிவிடுவது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வரும் லாரியின் விளக்கு நமக்குத் தெரியும். அடர்நிற உடையில் ஓடும் நாமோ அந்த லாரியின் லோ பீம் வெளிச்சம் நம்மைத் தொடும்வரை ஓட்டுநருக்கு இல்லவே இல்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் நம்மைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கில் காலை வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் தேவை. ஆக, 45 மீட்டருக்கு முன்பே நாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஈரச் சாலையில் இது இன்னும் கூடும். கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் 60ல் மட்டுமே வண்டி வருகிறதா என்பதை அங்கே ஓடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைகளில் விற்கும் பளீரென்ற பச்சை மஞ்சள் சட்டைகள் இந்தக் கணக்கில் உதவுவதில்லை. அந்தச் சாயம் பகலொளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் அப்படி மின்னுகிறது. முகப்பு விளக்கின் ஒளியில் அது சாதாரண வெளிர்நிறத் துணி மட்டுமே. இரவில் வேலை செய்வது, நெடுஞ்சாலைப் பலகைகளில் இருப்பதுபோன்ற எதிரொளிப்புப் பட்டை. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்புவதால், வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கு அது விளக்குபோல் எரியும்.

அந்தப் பட்டையை எங்கே கட்டுவது என்பதில்தான் உண்மையான வியப்பு இருக்கிறது. 1973இல் குன்னர் யோஹான்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர், மனித உடலின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் தெரியும்படி செய்து, இருட்டில் நடக்கவைத்துப் படம் பிடித்துக் காட்டினார். அசையாமல் நின்றபோது சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தவை, நடக்கத் தொடங்கியதும் பார்ப்பவர்களுக்கு உடனே ஒரு மனிதனாகிவிட்டன. மார்பில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் இருந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது குப்பைத் தொட்டியா, தடுப்பா, மைல்கல்லா என்று புரியாது. கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கட்டினால், மேலும் கீழும் போய்வரும் அந்த அசைவே இது ஆள் என்று சொல்லிவிடும். ஒரே ஒரு இணைதான் வாங்க முடியும் என்றால் கணுக்காலுக்கு வாங்குங்கள். வாங்கிய பிறகு, வீட்டில் ஒருவரை ஸ்கூட்டர் விளக்கைப் போட்டு ஐம்பது மீட்டரில் நிற்கச் சொல்லி, நீங்கள் ஓடிக் காட்டிச் சோதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு துவைத்த பட்டைகள் பல, பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் ஒளியைத் திருப்புவதை நிறுத்தியிருக்கும்.

எந்தப் பக்கம் ஓடுவது

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். நம் ஊரில் இதற்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. ராங் சைடில் வரும் பைக்குகள் அதே ஓரத்தில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பேட்டரி ஸ்கூட்டராக இருந்தால் சத்தமும் வராது. இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து இடப்புறம் திரும்பிச் சாலையில் சேரும் கார்க்காரர், வண்டிகள் வரும் தன் வலப்பக்கத்தை மட்டுமே பார்ப்பார். எதிர்த்திசையில் ஓடிவரும் நாமோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறோம். ஆகவே ஒவ்வொரு தெருமுனையிலும் ஓட்டுநரின் முகம் நம் பக்கம் திரும்பும்வரை நின்றுவிடுவது நல்லது. வண்டிக்குப் பின்புறமாகச் சுற்றிப் போவது இன்னும் நல்லது. இத்தனைக்குப் பிறகும் வலப்பக்கமே மேல் என்பது என் தீர்ப்பு. நம்மை இடிக்க வருவது எது என்று தெரிந்தால்தான் ஒதுங்க முடியும்.

ஞாயிறு அதிகாலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நெடுந்தூர ஓட்டத்துக்கு எல்லோரும் தேர்ந்தெடுக்கும் அதே நாளில்தான், சனி இரவுக் கொண்டாட்டம் முடிந்து வீடு திரும்பும் கார்களும், இரவு முழுவதும் தூங்காத ஓட்டுநர்களின் வேன்களும் அதே சாலையில் வருகின்றன. குழுவாக ஓடுபவர்கள் அருகருகே பேசிக்கொண்டு போகும் ஆசையை விடியும்வரை ஒத்திவைத்து ஒற்றை வரிசையில் போக வேண்டும். காதில் பாட்டு வேண்டாம். தண்ணீர் லாரியின் அதிர்வும், பின்னால் வரும் சைக்கிளின் செயின் சத்தமும், நாயின் உறுமலும் கண்ணுக்கு முன்பாகக் காதுக்குத்தான் வரும்.

நாய்கள்

பகலில் டீக்கடை வாசலில் பிஸ்கட்டுக்கு வாலாட்டும் நாயே நான்கு மணிக்குத் தெருவின் காவலனாக நிற்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தெரு அதனுடையது. ஓடிவரும் உருவமும் அசையும் விளக்கும் அதற்குப் புதியவை. நாய் குரைத்தால் உடனே ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு மாறுங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பியபடி மெல்ல அதன் எல்லையைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடும். தெரிந்த குரலில் பேசுவது நன்றாகவே வேலை செய்கிறது. நான் “என்னடா, நான்தான்” என்று சொல்லிக்கொண்டே போவேன். கூட்டமாக வந்தால், கல் எடுப்பதுபோல் குனிவதே நம் ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும் புரியும் மொழி. குனிந்தால் போதும், எறிய வேண்டாம். எறிந்தால் நாளைக்கும் அதே வழியில்தான் போக வேண்டியிருக்கும்.

கடித்துவிட்டால், பல் சிறிதாகப் பதிந்திருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட மிக நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களும் என்று நான்கு தவணை. இரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத மருந்தும் செலுத்த வேண்டியிருக்கும். எனக்குக் கடி பட்டபோது மூன்றாம் ஊசியோடு நிறுத்திவிடலாம் என்று அறிவுரை சொன்னவர்கள் அதிகம். ரேபிஸ் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பதால் நான் அந்த அறிவுரையைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பாம்பு

மழைக்குப் பிறகும், புதர் அடர்ந்த காலி மனைகளை ஒட்டிய சாலைகளிலும் இதை மறக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் திரிவது. அதன் கடி வலிக்காமலும் இருக்கும் என்பதால் முள் குத்தியது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வெளிச்சம் படாத இடத்தில் காலை வைக்காதீர்கள், புல்லோரத்தில் ஒதுங்காதீர்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே ஓட்டத்தை நிறுத்தி, காலை அசைக்காமல் உட்கார்ந்து 108க்கு அழையுங்கள்; இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. வந்த பாம்பைத் தேடி அடிக்க வேண்டியதும் இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிமருந்துதான் செலுத்தப்படுகிறது. அந்த மருந்துக்கான நஞ்சைச் சேகரித்துத் தரும் இருளர் கூட்டுறவு சங்கம், 1978இல் தொடங்கப்பட்டது, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில்தான் இருக்கிறது. மாமல்லபுரம்வரை நெடுந்தூரம் ஓடுபவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

உடம்பும் காற்றும்

அதிகாலையில் உடலின் உள்வெப்பம் நாளின் மிகத் தாழ்ந்த நிலைக்கு அருகில் இருக்கும். தசையும் மூட்டும் இறுகியிருக்கும். கண்ணுக்காகக் கொடுத்த அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் இங்கேயும் வரவில் சேர்கிறது. வெப்பம் குறைவு என்பதால் தண்ணீர் தேவையில்லை என்று நினைப்பது கடலோர ஊர்களில் தவறு. வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் அதே நேரத்தில்தான் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டுமே தவிர உடம்பைக் குளிர்விக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறாவது கையில் இருக்கட்டும், அந்நேரத்தில் திறந்த கடை கிடைக்காது.

இருட்டில் வேகமும் ஏமாற்றும். விளக்கு காட்டும் சில அடித் தரை மட்டும் காலுக்கடியில் விரைந்து பின்னோடுவதால், பறந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போயிருப்போம். அந்த இன்பத்தை அனுபவியுங்கள், கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அடியைச் சற்றுக் குறுக்கி, காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி வைத்தால் தடுக்குவது பெருமளவு குறையும்.

மாதத்துக்கு ஒரு முகம்

மார்கழியில் நான்கரை மணிக்கே தெருக்கள் விழித்துக்கொள்ளும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முழங்குவதால் பின்னால் வரும் வண்டி காதில் விழாது. வாசல் தெளித்த நீரில் தரை வழுக்கும். பூசணிப்பூ செருகிய சாண உருண்டை நடுத்தெருவில் இருக்கும். தெருவை அடைத்துக் கோலம் போடும் அம்மாக்கள் குனிந்தபடி இருப்பதால் நம்மைப் பார்க்க மாட்டார்கள். பத்தடிக்கு முன்பே குரல் கொடுத்துவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். போகி அன்று ஓட்டத்துக்கு விடுமுறை விட்டுவிடுங்கள். குளிர்காலை அசையாத காற்றில் அந்தப் புகை தரையோடு தங்கி நிற்கும். தீபாவளிக்குக் காலை 6 மணிமுதல் 7 மணிவரை என்று வெடிக்க நேரம் வகுத்திருந்தாலும், நான்கு மணிக்கே தொடங்கிவிடும் தெருக்களை எல்லோரும் அறிவோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தேங்கிய நீரின் ஆழமும் அதன் அடியில் மூடி இருக்கிறதா என்பதும் தெரியாது. மின்பெட்டிக்கும் தெருவிளக்குக் கம்பத்துக்கும் அருகில் தேங்கிய நீரில் கால் வைக்கவே கூடாது. அந்த நாளில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவதே சரி. மழை ஓய்ந்த விடியலில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கும். ஈசல் கிளம்பிவிட்டால், அந்தப் பகுதியில் எரியும் ஒரே நெற்றி விளக்கு உங்களுடையதாக இருக்கும்போது, அத்தனையும் உங்கள் முகத்துக்கே வரும். வாயை மூடிக்கொண்டு, விளக்கை இடுப்புக்கு இறக்கிவிடுங்கள்.

கடற்கரை மணலில் ஓட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரிமுதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் முட்டையிட ஏறுகின்றன. வெள்ளை விளக்கு அவற்றைத் திசைதிருப்பிவிடும். அந்த மாதங்களில் இரவு மணலை ஆமைக்கே விட்டுவிடுங்கள். மற்ற மாதங்களில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் அலையைப் பாருங்கள். 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் இந்தக் கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. கடல்நீரில் பெருகும் நுண்ணுயிர் அசைவு பட்டு ஒளிவிடுவதுதான் காரணம். அதைப் பார்ப்பதற்காகவே எழுந்திருக்கலாம்.

தனியாகப் போகிறீர்கள் என்றால்

புறப்படும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தூங்குபவரை எழுப்ப மனமில்லை என்றால் சமையலறை மேடையில் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிருங்கள். பெயர், இரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை ஒன்று உடலோடு இருக்கட்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. பெண்கள் பலர் இருட்டில் தனியாக ஓடுவதைத் தவிர்த்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தோ, பால் பூத்தும் டீக்கடையும் திறந்திருக்கும் தெருக்களைச் சுற்றிச் சுற்றியோ ஓடுகிறார்கள். ஒரே தெருவை எட்டு முறை சுற்றுவது சலிப்புதான். ஆனால் எட்டு முறையும் பார்க்கிற பால்காரருக்கு, ஒன்பதாவது முறை நீங்கள் வரவில்லை என்றால் தெரியும். தினமும் அதே நேரத்தில் அதே பாதையில் ஓடுவதையும், அந்தப் பாதையை எல்லோரும் பார்க்கும்படி ஓட்டச் செயலிகளில் பதிவிடுவதையும் யாராக இருந்தாலும் தவிர்க்க வேண்டும்.

சூரியன் வந்த பிறகும்

விடிந்ததும் விளக்கை அணைத்துப் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது அதை இருபது நிமிடம் தள்ளிவைக்கிறேன். சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வரும் இணைப்புச் சாலைபோல் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைகளில், தொடுவானை ஒட்டி நிற்கும் சூரியன் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருக்கும். தூசு படிந்த முன்கண்ணாடியில் அது பட்டால் முன்னால் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. நம் நிழல் நீண்டு நமக்கு முன்னால் விழுந்தால், நமக்கு எதிரே வரும் வண்டிக்காரரின் முகத்தில்தான் வெயில் அடிக்கிறது என்று பொருள். அப்படி நிழல் விழுகிற நேரம்வரை ஒற்றை வரிசையிலேயே, சாலையோரத்திலேயே ஓடுங்கள்.